கொழுஞ்சிக்கு இடம் விடுங்கள்

(பொதுக்காலம் 15ஆம் ஞாயிறு, முதல் ஆண்டு. எசாயா 55:10-11, உரோமையர் 8:18-23, மத்தேயு 13:1-23)



விதைப்பவர் உவமை வாசிக்கப்படும் ஞாயிறன்று மறையுரை எங்கே போய் முடியும் என்று உங்களுக்கு முன்கூட்டியே தெரியும். பாதையோரம், பாறை, முட்புதர், நல்ல நிலம் என்று நான்கையும் விளக்கிவிட்டு, "நீ எந்த நிலம்?" என்று ஃபாதர் கேட்பார். நீங்களும் மனதுக்குள் பக்கத்து வீட்டுக்காரரைப் பாறையில் உட்கார வைத்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போவீர்கள். இன்றைக்கு அந்தக் கேள்வி வேண்டாம். உவமை சொல்லாமல் விட்ட ஒன்றைக் கேட்டுப் பார்ப்போம். அந்த நல்ல நிலம் எப்படி நல்ல நிலமானது?

பாதை பாதையாகவே படைக்கப்படவில்லை. அதுவும் வயலின் ஒரு பகுதிதான். ஆட்கள் நடந்து நடந்து இறுகிப்போனது. பாறை நிலத்தைப் பற்றி மத்தேயு ஒரு நுணுக்கம் சொல்கிறார்: அங்கே விழுந்த விதைதான் முந்திக்கொண்டு முளைத்தது. மண் ஆழமில்லை, அதனால் வேகம். வெயில் ஏறியதும் வேர் இல்லாமல் காய்ந்தது. ஆக, சீக்கிரம் பசுமை காட்டுவது நலத்தின் அடையாளம் என்று ஆண்டவர் எங்கும் சொல்லவில்லை. நூறு மடங்கும் அறுபது மடங்கும் முப்பது மடங்கும் கொடுத்த நிலத்துக்குப் பின்னால், விதைப்பவர் வருவதற்கு முன்பே, பல ஆண்டுகள் யாரோ உழைத்திருக்கிறார்கள். மனிதர் மட்டுமல்ல, செடிகளும் உழைத்திருக்கும்.

அப்படி உழைக்கும் ஒரு செடி நம் படூரிலேயே இருக்கிறது. இங்கே பிறந்து வளர்ந்த பெரியவர்களைக் கேட்டால் உடனே சொல்வார்கள்: கொழுஞ்சி. பேச்சில் கொளஞ்சி. விருத்தாசலம் பக்கம் பிள்ளைகளுக்கே அந்தப் பெயரை வைக்கிறார்கள். வேலைக்காக வந்து அடுக்குமாடியில் குடியேறியவர்களும் தினமும் அதைப் பார்க்கிறீர்கள், பெயர்தான் தெரியாது. பிளாட் போட்டுக் கல் நட்டுவிட்டு வீடு கட்டாமல் கிடக்கும் மனைகளில், சாலை ஓரச் சரளையில், முழங்கால் உயரத்துக்குக் கிளை பரப்பி நிற்கும். புளிய இலை போல வரிசையாகச் சிற்றிலைகள், இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த சிறு பூ, தட்டையாகக் கொஞ்சம் வளைந்த காய். அடையாளம் வேண்டுமென்றால் ஒரு சிற்றிலையின் நுனியைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். நேராகக் கிழியாது, அம்பு முனை போலத்தான் கிழியும். மாடு மேய்த்த காலத்துப் பிள்ளைகளுக்கு அது ஒரு விளையாட்டு.

மாடு என்றதும் நினைவுக்கு வருகிறது: மாடு இதை விரும்பி மேயாது. அதனால்தான் வேலி இல்லாத தரிசிலும் பிழைத்துக்கொள்கிறது. தண்ணீர் கேட்காது, உரம் கேட்காது. மெதுவாக வளரும். மேலே நாலு இலை தெரிவதற்குள் கீழே ஆணிவேர் வெகுதூரம் போயிருக்கும், பாறை நிலத்து விதைக்கு நேர்மாறாக. வேரில் சின்னச் சின்ன முடிச்சுகள் இருக்கும். அந்த முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலிருக்கும் தழைச்சத்தைப் பிடித்து மண்ணுக்குக் கொடுக்கின்றன. தன் தேவைக்கு மேலேயும் சேர்த்து வைத்துவிட்டுப் போகிற செடி.

இந்த வட்டாரம் ஏரிப் பாசன வட்டாரம். ஏரி நிறைந்தால் ஒரு போகம் நெல். சம்பா அறுத்த பிறகு அடுத்த மழைவரை வயல் தரிசாகக் கிடக்கும். அந்தத் தரிசில் போன ஆண்டு உதிர்ந்த விதையிலிருந்து கொழுஞ்சி தானே முளைத்துக்கொள்ளும். விதைக்கிறவர்கள் ஒரு ஹெக்டேருக்குப் பதினைந்து இருபது கிலோ வீசுவார்கள். கோடை முழுதும் வயலைப் போர்த்திக்கொண்டு நிற்கும். நடவுக்கு முன் அதை அப்படியே மடக்கி உழுது சேற்றில் மிதித்துவிடுவார்கள். ஹெக்டேருக்கு மூன்று, நான்கு டன் பசுந்தாள் அந்த வயலுக்குள்ளேயே போகும். யூரியா மூட்டை வந்த பிறகு இந்தப் பழக்கம் தேய்ந்தது. பிறகு வயலே மனையானதும் பேச்சுக்கே இடமில்லாமல் போயிற்று.

லேவியர் நூலின் 25ஆம் அதிகாரத்தில் கடவுள் நிலத்துக்கு ஓர் ஓய்வு ஆண்டு கொடுக்கிறார். ஏழாம் ஆண்டில் விதைக்கக் கூடாது, கிளை நறுக்கக் கூடாது. தானாக முளைத்ததை அறுவடைப் பயிராகப் பார்க்கக் கூடாது. படூர் உழவர் லேவியர் நூலைப் படித்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் நிலம் ஓய்வெடுக்கும்போது வெறுமையாகக் கிடப்பதில்லை, அதற்கென்று ஓர் உடை இருக்கிறது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. காட்டுப் புல்லுக்கு உடுத்துகிற தந்தையைப் பற்றி மலைப்பொழிவில் கேட்கிறோம். அந்த உடையை உருவுவதற்குத்தான் நாம் "சுத்தம் செய்தல்" என்று பெயர் வைத்திருக்கிறோம். ஜே.சி.பி. வந்து அரை மணி நேரத்தில் ஒரு மனையை வழித்துப் போட்டுவிடுகிறது. வழித்த மண் வெயிலில் வெந்து இறுகுகிறது. உவமையின் பாதையோர நிலம் இப்படியும் உண்டாகிறது. அதில் விழும் விதையைத் தின்ன பறவைகள் வருகின்றன.

இப்போது முதல் வாசகத்துக்கு வருவோம். மழை வானத்திலிருந்து இறங்கினால் நிலத்தை நனைத்து முளைக்கச் செய்யாமல் திரும்புவதில்லை, அதுபோலத்தான் தம் வாக்கும் என்கிறார் ஆண்டவர், எசாயா வழியாக. எசாயாவுக்குத் தெரிந்த நிலம் மழையை வாங்கிக்கொள்கிற நிலம். நம் கரையில் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடுகிறது. மேற்கே தையூர், புதுப்பாக்கம் பக்கத்துச் சரளை மேட்டிலிருந்து சரிந்து வரும் தண்ணீர் ஏரிகளில் தங்கி, மிஞ்சியது பக்கிங்காம் கால்வாய்க்கும் முட்டுக்காட்டு உப்பங்கழிக்கும் போகும். இடையில் இருக்கும் நிலம் சிமெண்டும் பேவர் பிளாக்கும் வழித்த மண்ணுமாக இருந்தால் மழை நனைக்காமலேயே கடலுக்குத் திரும்பிவிடுகிறது. 2015 டிசம்பரில் சென்னையும் அதன் தெற்குப் புறநகரும் வெள்ளத்தில் நின்றன. நான்கு ஆண்டுகூட ஆகவில்லை, 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் ஏறக்குறைய வறண்டன. நம் சாலையில் இருக்கும் ஐ.டி. கம்பெனிகள் சில, தண்ணீர் இல்லை, வீட்டிலிருந்தே வேலை பாருங்கள் என்றன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. நமக்குப் பக்கத்திலேயே நெம்மேலியில் 2013 முதல் கடல்நீரைக் குடிநீராக்குகிறார்கள். மழைநீரைக் கடலுக்கு அனுப்பிவிட்டு, மின்சாரம் செலவழித்து அதே கடலிடம் நல்ல தண்ணீர் கேட்கிறோம். படைப்பு பேறுகால வேதனையில் தவிக்கிறது என்று பவுல் உரோமையருக்கு எழுதியதை நான் வேறெங்கும் தேடப் போக வேண்டியதில்லை, தண்ணி லாரிக்குப் பின்னால் நின்றாலே போதும்.

இதற்குக் கொழுஞ்சி மட்டும் மருந்து என்று சொன்னால் நீங்கள் சிரிக்க வேண்டும். ஏரி தூர் வாரப்பட வேண்டும், வரத்துக் கால்வாய் திறக்க வேண்டும், அதெல்லாம் ஊராட்சியும் அரசும் செய்ய வேண்டியவை, கேட்கவும் வேண்டும். நான் சொல்வது நம் கையில் இருக்கும் சில சென்ட் நிலத்தைப் பற்றி.

புதன் அல்லது வியாழன் எப்படியும் உங்களில் பலர் கோவளம் போவீர்கள். ஜூலை 16 கார்மேல் அன்னை திருநாள். இருநூறு ஆண்டு கடந்த அந்த ஆலயத்தில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு உத்தரியத்தை முத்தமிடும்போது எலியாவையும் நினைத்துக்கொள்ளுங்கள். கார்மேல் மலை அவருடைய மலை, கார்மேல் சபையார் அவரைத் தங்கள் தந்தையாகப் போற்றுகிறார்கள். அந்த மலையில் நெருப்பை இறக்கிய எலியா, அடுத்த அதிகாரத்திலேயே உயிருக்குப் பயந்து பாலைநிலத்தில் ஓடுகிறார். சாக வேண்டும் என்று ஜெபிக்கிறார். எங்கே படுத்துக்கொண்டு? லெபனோனின் கேதுரு மரத்தடியில் அல்ல, பாலையில் தானாக முளைத்த ஒரு புதர்ச்செடியின் அடியில். வானதூதர் அப்பமும் தண்ணீரும் கொண்டுவந்து எழுப்பியது அங்கேதான் (1 அரசர் 19). யாரும் நடாத, யாரும் தண்ணீர் ஊற்றாத செடி அது. அன்றைக்கு அந்த இடத்தை யாராவது "சுத்தம்" செய்திருந்தால் இறைவாக்கினருக்கு நிழல் கிடைத்திருக்காது. மோசேயைக் கூப்பிட்ட குரலும் ஒரு முட்புதரிலிருந்துதான் வந்தது. கடவுளுக்குப் பெரிய மரங்கள் மேல் கோபம் ஒன்றுமில்லை. ஆனால் 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கரை கடந்தபோது சென்னையிலும் நம் பகுதியிலும் அழகுக்கென்று நட்ட மரங்கள் வேரோடு சாய்ந்து சாலையை அடைத்தன. தரையோடு தரையாக இருந்தவற்றை அந்தக் காற்றால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒடுகம்பட்டி என்று ஓர் ஊர். வானம் பார்த்த வறண்ட பூமி. அங்கே 'குடும்பம்' என்ற தொண்டு நிறுவனம் ஓர் இயற்கை வேளாண் பண்ணை நடத்துகிறது. பண்ணையின் பெயர் கொழுஞ்சி. மாவோ தென்னையோ அல்ல, தரிசில் முளைக்கும் இந்தச் செடி. இயற்கை வேளாண் விஞ்ஞானி நம்மாழ்வாரை (1938–2013) உங்களுக்குத் தெரியும். குடும்பம் அவர் கைபட்டு வளர்ந்த அமைப்பு. அவர் வாழ்க்கையில் நமக்கு ஒட்டிய ஒரு பக்கம் பலருக்குத் தெரியாது. கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்து அரசு வேலையை 1969இல் விட்ட பிறகு, களக்காட்டில் 'அமைதித் தீவு' என்ற திட்டத்தில் பத்து ஆண்டுகள் ஏழை உழவர்களோடு வேலை செய்தார். அமைதித் தீவைத் தொடங்கியவர் பெல்ஜியம் நாட்டு தோமினிக்கன் குரு தொமினிக் பீர், 1958ஆம் ஆண்டுக்கான நோபல் அமைதிப் பரிசு பெற்றவர். ஒரு துறவி எங்கோ தொடங்கிய வேலை, ஒரு தஞ்சாவூர்க்காரரின் வழியாக மானாவாரிக் காட்டுக்கு வந்து சேர்ந்தது. தூய ஆவியார் எந்த வாய்க்கால் வழியே தண்ணீர் விடுவார் என்று நம்மால் சொல்ல முடிகிறதா?

இன்னொரு துறவியையும் சொல்கிறேன். அசிசி நகர் புனித பிரான்சிஸ் மடத்துத் தோட்டத்தில் ஒரு பகுதியை எப்போதும் கொத்தாமல் விடச் சொன்னாராம், காட்டுப் பூவும் மூலிகையும் அங்கே தாமாக வளரட்டும் என்று. திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' சுற்றுமடலின் தொடக்கப் பகுதியிலேயே (எண் 12) இதை எடுத்துச் சொல்லியிருக்கிறார். கவனியுங்கள், அசிசியார் மூலிகைத் தோட்டம் போடச் சொல்லவில்லை. கையை எடுக்கச் சொன்னார். நமக்கு நடுவது எளிது. போட்டோ எடுக்கலாம், கல்வெட்டில் பெயர் போடலாம். விட்டுவைப்பதற்குக் கல்வெட்டு கிடையாது.

கொழுஞ்சி விதையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதன் மேல் மெழுகு போன்ற கெட்டித் தோல், தண்ணீர் உள்ளே இறங்காது. அதனால் எல்லா விதையும் ஒரே மழையில் முளைப்பதில்லை. சில இந்த ஆண்டு, சில அடுத்த ஆண்டு, சில அதற்கும் பிறகு. ஒரு மழை பொய்த்தால் மொத்தக் குடும்பமும் அழிந்துவிடக் கூடாது என்று உள்ளேயே ஓர் ஏற்பாடு. மறைக்கல்வி ஆசிரியர்கள் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். புதுநன்மை வாங்கிய பிறகு கோவில் பக்கமே வராத பையன்களின் பெயரை ஏட்டிலிருந்து அடித்துவிட வேண்டாம். அவசரமாக முளைக்க வைக்க வேண்டுமானால் விதையை மணலோடு சேர்த்துத் தேய்க்கிறார்கள், அல்லது கொதிக்கக் கொதிக்க இருக்கும் தண்ணீரில் இரண்டு மூன்று நிமிடம் போட்டு எடுக்கிறார்கள். துன்பம் என்ற உரசல் இருந்தால்தான் நம்பிக்கை முளைக்கும் என்று இங்கே ஒரு பாடம் சொல்ல வசதியாக இருக்கிறது. சொல்ல மாட்டேன். உங்களில் பிள்ளையைப் புதைத்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் வெந்நீரின் பயனைப் பேச எனக்கு வாயில்லை.

மடக்கி உழுவதைப் பற்றி மட்டும் சொல்வேன். செங்கல்பட்டுப் பகுதிக் கிராமங்களில் நம்பிக்கை எப்படிப் பிழைத்தது? வெள்ளைக்காரக் குருக்கள் ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை மாட்டு வண்டியில் வந்து திருப்பலி வைத்துவிட்டுப் போவார்கள். மற்ற நாட்களில் பிள்ளைகளுக்கு ஜெபம் சொல்லிக்கொடுத்தவர், சாகக் கிடப்பவர் காதில் இயேசு மரி சூசை என்று ஓதியவர், குழந்தைக்கு அவசரத் திருமுழுக்குக் கொடுத்தவர் உபதேசியார். கொஞ்சம் நெல், கொஞ்சம் கைச்செலவு, அவ்வளவுதான் கூலி. கோவில் கல்வெட்டுகளில் கட்டிய குருவின் பெயர் இருக்கிறது, பணம் கொடுத்தவர் பெயர் இருக்கிறது. உபதேசியார்கள் மண்ணுக்குள் போய்விட்டார்கள். இன்றைக்கு இந்தக் கோவிலில் நூறு மடங்கு விளைகிறது என்றால் நம் தாத்தா பாட்டிக்குக் கீழே யார் மடக்கி உழப்பட்டார்கள் என்று யோசிக்க வேண்டும். அந்த வேலை முடிந்துவிடவும் இல்லை. அன்பியக் கூட்டத்துக்குப் பாய் விரிக்கிறவர், தண்ணீர்க் குடம் வைக்கிறவர், வராதவர் வீட்டுக்குப் போய் விசாரிக்கிறவர் யாரென்று உங்களுக்கே தெரியும்.

இனி காரியத்துக்கு வருகிறேன். பங்குப் பேரவையில் இரண்டு யோசனைகள் வந்திருக்கின்றன: மாதா கெபிக்கு முன்னால் கொரியன் புல் போடுவது, கல்லறைத் தோட்டம் முழுவதும் பேவர் பிளாக் பதிப்பது. நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் கொரியன் புல்லுக்குத் தினமும் தண்ணீர் வேண்டும். கோடையில் குடிக்கவே லாரிக்குக் காத்திருக்கும் ஊரில் மாதாவுக்கு முன்னால் போர்வெல் தண்ணீரைப் பீய்ச்ச எனக்கு மனம் வரவில்லை. கல்லறைத் தோட்டத்தில் ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு முன்னால் மண்வெட்டியால் வழித்துச் சுரண்டி, சில ஆண்டாகக் களைக்கொல்லியும் தெளித்து, வெள்ளையடித்து, பளிச்சென்று ஆக்குகிறோம். அதே வாரத்தில் வடகிழக்குப் பருவமழை வந்து வெறும் மண்ணை அரித்துக்கொண்டு போகிறது, புதுக் கல்லறைகளின் ஓரம் சரிகிறது. அந்த இடத்தில்தான் தொடங்கலாம் என்று நினைக்கிறேன். கல்லறை வரிசைகளுக்கு நடுவில் ஆள் நடக்கப் பாதை விட்டு, மிச்ச மண்ணில் கொழுஞ்சி.

கேள்விகள் வரும், வரட்டும். பாம்பு வருமே என்பார்கள். பாம்பு பெரும்பாலும் எலியைத் தேடி வருகிறது, எலி நாம் கொட்டும் குப்பையைத் தேடி வருகிறது. ஆனாலும் பயம் நியாயமானதுதான்; பாதையிலிருந்து இரண்டு முழம் தள்ளியே செடி இருக்கட்டும், முழங்காலுக்கு மேல் போனால் அறுத்து அங்கேயே மூடாக்காகப் போட்டுவிடலாம். இது புல்தரை மாதிரி மிதிபட்டுப் பிழைக்காது, ஆகவே தேர் வரும் பாதையிலும் பிள்ளைகள் விளையாடும் இடத்திலும் வேண்டாம். வேண்டாத இடத்தில் முளைத்தால் இளசாக இருக்கும்போதே பிடுங்குங்கள், பிறகு ஆணிவேர் உங்கள் பேச்சைக் கேட்காது. பார்க்க அழகாக இருக்காதே என்பதற்கு எனக்குப் பதிலில்லை. பூக்கும் மாதத்தில் வந்து பாருங்கள், பிறகு பேசலாம்.

காய்ந்த காய்கள் இன்னும் தெருவோரச் செடிகளில் தொங்குகின்றன. வெடித்துச் சிதறுவதற்கு முன் பறித்துத் துணிப்பையில் போட்டு வையுங்கள். ஒரே செடியில் மொத்தத்தையும் பறிக்காதீர்கள். எது கொழுஞ்சி என்று தெரியாத இளைஞர்கள் ஊர்ப் பெரியவர் ஒருவரைக் கூட அழைத்துக்கொண்டு போங்கள், அவர்களுக்கும் இந்த மண்ணைப் பற்றிக் கேட்க ஆள் கிடைத்த மாதிரி இருக்கும். புரட்டாசி மழை ஒன்றிரண்டு விழுந்து மண் இளகியதும், மணலில் தேய்த்த விதையைத் தூவி லேசாகக் கீறிவிட்டால் போதும். நவம்பர் 2 அன்று மந்திரிக்க வரும்போது செடி விரல் உயரம்தான் இருக்கும், வெறும் மண்ணும் நிறையத் தெரியும். அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் வரவில்லை என்று மண்வெட்டியை எடுக்காதீர்கள். இந்த ஆண்டு களைக்கொல்லி வாங்க வேண்டாம் என்று பேரவைச் செயலரிடம் சொல்லியிருக்கிறேன். புல்லுக்கும் கல்லுக்கும் ஒதுக்கிய பணத்தை என்ன செய்வது என்று அடுத்த கூட்டத்தில் பேசுவோம். ஆலயக் கூரைத் தண்ணீரைக் கிணற்றுக்கு விடும் குழாய் உடைந்து கிடக்கிறது என்பது என் பங்குக்கு ஒரு நினைவூட்டல்.

நம்பிக்கை அறிக்கைக்கு எழுந்து நிற்போம்.